வாயை ஊதச் சொல்லும் மாதப்பன்

“ஊதுடா.”

வரிசையில் முதலாவதாக நின்ற முனிராஜ் வாயைக் குவித்து ஊதினான். மாதப்பன் தம் மூக்கை அவன் வாய்க்கு நாலு விரற்கடை தூரத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வைத்தியர் சூரணத்தை முகர்ந்து பார்க்கிற மாதிரி நிதானமாக இழுத்தார்.

“பல்லு வெளக்கல. சாப்பிடவும் இல்ல. நில்லு. அடுத்தவன்.”

அடுத்தவன் வேடியப்பன். அவன் ஊதியதும் மாதப்பனின் கண் திறந்துகொண்டது.

“வெங்காயம். நேத்து ராத்திரியது இல்ல, இன்னைக்கு வெடியக்கால கடிச்சது. களியோடயா?”

“ஒரே ஒரு உருண்டைதானுங்க. எங்கம்மா உடலீங்க.”

“அப்படிங்களா? ரொம்ப சந்தோஷமுங்க. வூட்டுக்குப் போயிட்டு அடுத்த ஞாயித்துக்கெழமை வாங்க.”

‘டா’ போய் ‘ங்க’ வந்துவிட்டால் மாதப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சந்தையில் ஒரு வண்டிக்காரன் நொண்டுகிற மாட்டைச் சாட்டையால் இழுத்தபோது, “தாங்கள் கொஞ்சம் எறங்கி நடந்து வரலாமுங்களே, சாமி” என்றார். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் இரண்டு அடி தள்ளிப் போய்விட்டார்கள். வண்டிக்காரன் இறங்கி நடந்தான்.

எங்கள் ஊர், தர்மபுரியிலிருந்து வத்தல்மலை அடிவாரத்துக்குப் போகிற வண்டிப் பாதையில் இருக்கிறது. பெருமாள் கோயிலுக்கு நேர் எதிரே ஒரு தரிசு நிலம். அதுதான் மைதானம். நான் கோயிலுக்குப் பூக் கட்டிக் கொடுக்கிறவன். வாசல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து நாரைக் கையில் எடுத்தால் மைதானம் முழுவதும் கண்ணில் விழும். ஆகையால் இதில் பாதி நான் கண்டது, பாதி காதால் கேட்டது. இட்டுக்கட்டியது இல்லை.

இந்த வட்டாரத்து போர்டு ஸ்கூல்களில் டிரில் மாஸ்டர் கிடையாது. ஒற்றை வாத்தியார் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்கிற இடத்தில் டிரில்லுக்கு யாரைத் தேடுவது? எங்கள் ஊர்த் தலைமை வாத்தியார் சவுரியப்பன் ஒரு ஏற்பாடு செய்தார். சம்பளம் கேட்காமல் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுக்க இஷ்டமுள்ள வாலிபர்கள் வரலாம். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை மாதப்பன் அவர்களைப் பழக்குவார். அவர் சரி என்று யார் பேரைச் சொல்கிறாரோ, அவருக்கு வாத்தியார் ஒரு கடுதாசியும் ஒரு பித்தளை விசிலும் கொடுத்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்.

மாதப்பனுக்குப் பிழைப்பு மாட்டுக்கு லாடம் அடிப்பது. செவ்வாய்க்கிழமைச் சந்தையில், புளிய மரத்தடியில், கயிறும் சுத்தியலும் லாடப் பெட்டியுமாக இருப்பார். பதினோரு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அந்தக் காக்கி நிஜார் இன்னும் இருக்கிறது. நிஜாரைவிட ஒட்டுத்துணி அதிகம். வாயில் எப்போதும் இரண்டு லாட ஆணி. லாடம் அடிக்காத நேரத்திலும் உதட்டோரத்தில் அதுபாட்டுக்குக் கிடக்கும். பேச்சு பல்லிடுக்கு வழியாக வரும். யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார். காலைப் பார்ப்பார், பிறகு வயிற்றைப் பார்ப்பார். மாடானாலும் அப்படித்தான், மனிதனானாலும் அப்படித்தான். லாடம் அடித்து முடித்ததும் ஒரே வார்த்தை: “தீனி போட்டுப் பூட்டு.”

பட்டாளத்திலிருந்து வந்த புதிதில், முப்பத்து நாலாம் வருஷமோ என்னவோ, வாத்தியார் கேட்டுக்கொண்டதன் பேரில் அவரே பிள்ளைகளுக்கு டிரில் எடுத்தார். பட்டாளத்து முறைப்படி எடுத்தார். மூன்றாம் நாள் ஒரு பையன் ஓட்டத்தின் நடுவே முகங்குப்புற விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பி, “என்னடா சாப்பிட்டே?” என்று தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டதற்கு, “முந்தா நாள் களி” என்றானாம். மறுநாள் மாதப்பன் ஒன்றும் தின்னாமல் வந்து தனி ஆளாக மைதானத்தைச் சுற்றி ஓடினார். அன்றைக்குத்தான் நான் அவரை முதல்முதல் கவனித்துப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில், என் வேப்ப மரத்துக்கு எதிரே, பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். நான் சொம்பில் தீர்த்தம் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஓரத்தில் கிடந்த ஒரு பாறைக் கல்லை உருட்டி வந்து தாம் உட்கார்ந்த அதே இடத்தில் போட்டார்.

“நானும் ஒருத்தனை வுழ வெச்சவன்தான். மறந்துடக் கூடாது பாருங்க.” அந்த ‘ங்க’ யார்மேல் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவர்மேலேயேதான்.

அதிலிருந்து வந்தது இந்த வழக்கம். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வருகிறவன் சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டோடு சரி. ஞாயிறு காலையில் ஊதிக் காட்டவேண்டும். பிறகு மூன்று சுற்று. எங்கே கால் மடங்கி உட்காருகிறானோ, அங்கே அவன் கையாலேயே ஒரு கல்லை உருட்டிவந்து போடவேண்டும்.

“இந்த எடத்தை ஞாபகம் வெச்சுக்கோ. நீ நேத்து ராத்திரி வயிறாரத் தின்னவன், இங்க உக்காந்தே. அவன் எங்க உக்காருவான்?”

மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து சனிக்கிழமை, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து கோயில் மண்டபத்தில் படுத்துக்கொள்வான் முனிராஜ். வீட்டில் கன்னடம் பேசுகிறவன். முதல் ஞாயிறு, இரண்டாவது சுற்றிலேயே, “சாக்கு, சாக்கு” என்று கையெடுத்துக் கும்பிட்டான். போதும் என்கிறான் பாவம். “சாக்கும் இல்ல, கோணியும் இல்ல, ஓடுடா” என்றார் மாதப்பன். எல்லோரும் சிரிக்க, அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். வத்தல்மலையிலிருந்து இருட்டோடு இறங்கி வருகிற குள்ளன் என்பவன் மட்டும் மூன்றாவது சுற்று முடிகிற இடத்தில்தான் உட்கார்ந்தான். “பலே” என்றதற்கு, “எங்களுக்கு ஞாயித்துக்கெழமை மட்டும் இல்லீங்களே இது” என்றான். அவன் கல்லை மாதப்பனே உருட்டினார்.

ஆறு பேரில் கல் போடாதவன் ஒருவன்தான். பெரிய வூட்டுத் தீர்த்தகிரியின் மகன் ராஜாமணி. மூன்று சுற்றையும் குதிரை மாதிரி ஓடி முடித்து, மூச்சுக்கூட வாங்காமல் நின்றான். மாதப்பனுக்கு ஒரே சந்தோஷம். “பெரிய வூட்டுப் பையன்னு சும்மா நெனைச்சேன். நெஞ்சுரம் இருக்குதுடா உனக்கு” என்று முதுகில் தட்டினார்.

சடுகுடு, கிளித்தட்டு, தண்டால், பஸ்கி எல்லாம் அவர் சொல்லிக் கொடுப்பார். ஆனால் முக்கால்வாசிப் பாடம் விளையாட்டைப் பற்றியது இல்லை. மைதானத்துக்குப் பிள்ளைகள் வந்ததும் பத்து நிமிஷம் யாரையும் ஓடவிடாதே. சும்மா பார். எவன் சுவரில் சாய்கிறான், எவன் உதடு வெளுத்திருக்கிறது, எவன் கொட்டாவி விடுகிறான்.

“கொட்டாவி தூக்கத்துல வர்றது இல்லடா. காலையில ஒம்பது மணிக்குப் பையன் கொட்டாவி வுட்டா அது பசி. அவனைக் கூப்பிட்டுக் கோடு பாக்கச் சொல்லு, எண்ணிக்கை சொல்லச் சொல்லு. கவுரதையா ஒரு வேலை குடுத்து உக்கார வெச்சுடு. ஆனா ஒண்ணு. நாலு பேரு நடுவுல சாப்பிட்டியான்னு மட்டும் கேக்காதே. எந்தப் பையனும் இல்லேன்னு சொல்ல மாட்டான்.”

எனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடித்திருந்தது. ஒருநாள் மாலையில் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டே, “வாரம் ஒரு வேளை உபவாசம், நல்ல காரியம்தான். பெருமாளுக்கு உகந்தது” என்றேன். மாதப்பன் வாயிலிருந்த ஆணிகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

“உங்க விரதத்துக்குப் பொழுது சாஞ்சா பலகாரம் இருக்குதுங்க. இந்தப் பசங்க விரதத்துக்கு என்னங்க இருக்குது?”

நான் நாற்பது வருஷமாக ஏகாதசி இருக்கிறவன். அந்த ஏகாதசி ராத்திரி அவல் பாயசத்தைத் தொடாமல் மூடி வைத்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன ஆடி மாதம். ஆடி என்றால் பழைய ராகி தீர்ந்து புது ராகி வராத காலம். யுத்தத்தினால் கடையிலும் தானியம் இல்லை. பத்து ஞாயிறு முடிந்தவர்களை மாதப்பன் ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் விட்டுப் பார்ப்பது வழக்கம். ராஜாமணியை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே விட்டார்கள். வியாழக்கிழமை காலையில் மைதானத்தில் சத்தம் கேட்டு நான் ஓடினேன். மாது என்ற பையன் கல்லின்மேல் விழுந்து கிடந்தான். முன் பல் இரண்டு போய்விட்டது. வாயெல்லாம் ரத்தம். பெரிய வூட்டில் பண்ணையாளாக இருக்கும் பொன்னனின் மகன் அவன். எட்டு வயசு.

சாயந்தரம் மாதப்பன் பொன்னன் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். பொன்னன் இன்னும் ஏர் விட்டு வரவில்லை. அவன் பெண்சாதி பழனியம்மாள் பையன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“காலையில ஏதாவது தின்னானா, தாயி?” என்றார் மாதப்பன்.

“இல்லீங்க.”

“கேட்டதுக்குச் சாப்பிட்டேன்னு சொன்னானாமே?”

“நான்தாங்க சொல்லிக் குடுத்தேன்.” அவள் தலையை நிமிர்த்தவில்லை. “யாரு கேட்டாலும் சாப்பிட்டாச்சுன்னு சொல்லோணும், நம்ம வூட்டு மானத்தை வெளிய உடக்கூடாதுன்னு.”

திரும்பி வருகிற வழியெல்லாம் மாதப்பனின் பல்லிடுக்கில் ஆணி கடிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் வந்தார்கள். அன்று ஊதச் சொல்லவில்லை. ராஜாமணியை மட்டும் முன்னால் வரச் சொன்னார்.

“என்னங்க நடந்தது?”

“நான் கேட்டேங்க. வரிசையா நிக்க வெச்சு, எல்லாரும் சாப்பிட்டீங்களாடான்னு கேட்டேன். அவனும் சாப்பிட்டேன்னான். பொய் சொன்னது அவன். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

“அப்பறமுங்க?”

“நான் பேசிக்கிட்டு இருக்கறப்போ வாயைப் பொளந்து கொட்டாவி வுட்டான். ஒரு தரம் இல்ல, நாலு தரம். மருவாதி தெரியாத பையன். அஞ்சு சுத்து ஓடுடான்னேன்.”

மாதப்பன் ஆணிகளை எடுத்துப் பையில் போட்டார்.

“நடுவுல கேக்காதீங்கன்னு நான் சொன்னது கெடக்கட்டுங்க. கொட்டாவியைப் பத்திச் சொன்னதும் கெடக்கட்டுங்க. பத்து ஞாயிறு வெறும் வயித்துல ஓடியிருக்கீங்களே. உங்களுக்கே வந்திருக்குமே. அது எதனால வருதுன்னு உங்க வயிறு உங்களுக்குச் சொல்லலீங்களா?”

பின்னாலிருந்து குள்ளன் சொன்னான்: “அவரு கொட்டாவி வுட்டு நான் ஒரு நாளும் பாக்கலீங்க. கிட்ட நின்னாத் துளசி வாசனைதான் அடிக்கும்.”

என் கையில் நார் நின்றுவிட்டது.

ஞாயிறுதோறும் விடியற்காலையில் ராஜாமணி கோயிலுக்கு வருவான். கன்னத்தில் போட்டுக்கொண்டு, “கொஞ்சம் துளசி குடுங்க சாமி” என்று இரண்டு கையையும் நீட்டுவான். பெரிய வீட்டுப் பிள்ளைக்கு இந்த வயசில் இவ்வளவு பக்தியா என்று பூரித்துப்போய், பெருமாளுக்கு ஒடித்ததிலிருந்து கைப்பிடி அள்ளிக் கொடுப்பேன். மென்றுகொண்டே போவான். பத்து ஞாயிறு, பத்துக் கைப்பிடி. எனக்குக் கோபம் வராது என்று ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று எழுந்து மைதானத்துக்குள் போனேன்.

“துளசி நான் குடுத்ததுதான் மாதப்பா. இவன் வாய் வாசனையை மறைக்கிறதுக்கு நான் குடுத்திருக்கேன்.”

“ரெண்டு இட்லிதானுங்க தின்னுட்டு வருவேன்” என்றான் ராஜாமணி. “மயக்கம் வந்துடும்னு அம்மா உடாது.”

வேடியப்பனும் அம்மா விடவில்லை என்றுதான் சொன்னான். ஆனால் அவன் ஊதிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். அடுத்த வாரம் பட்டினியோடு வந்து கல் போட்டான்.

மாதப்பன் ராஜாமணிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அதிகாரிக்கு முன்னால் நிற்பது போல. “பெரியவங்களே, தங்க பேரை வாத்தியார்கிட்ட நான் சொல்ல மாட்டனுங்க. தாங்கள் வூட்டுக்குப் போகலாமுங்க.”

செவ்வாய்க்கிழமை சந்தைக்குத் தீர்த்தகிரியே வண்டி கட்டிக்கொண்டு வந்தார். காளைக்கு லாடம் தேயவில்லை. ஆனாலும் புதிதாக அடிக்கச் சொன்னார். கோயிலுக்கு வாழை நார் வாங்கப் போன நான் அங்கேதான் நின்றேன். மாதப்பன் கயிற்றைப் போட்டு மாட்டைச் சாய்த்து நாலு காலையும் கட்டிய பிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார்.

“மாதப்பா, பையன் சின்னவன். தப்புதான், இல்லேங்கல. பொன்னன் வூட்டுக்கு ரெண்டு வள்ளம் ராகி அனுப்பிட்டேன். அந்தக் கடுதாசி இருந்தா இவனுக்கு ஒரு சர்க்கார் உத்தியோகத்துக்கு ஒதவும். அந்த மைதானம் யாரு பூமி?”

“உங்க பூமிங்க.”

“வாய்வார்த்தைக்குத்தானே வுட்டிருக்கேன். நாளைக்கே பள்ளிக்கூடத்துப் பேருக்கு எழுதிக் குடுத்துடறேன். பத்திரச் செலவும் என்னுது. நீ ஒரு பேரைச் சொல்லு, போதும்.”

மாதப்பன் ஆணியை வைத்து அடித்தார். ஒரே சீரான அடி.

“சொல்லலேன்னா, கொள்ளு வெதைச்சுடுவேன். தரிசு போடாதே, வெளைய வைன்னு சர்க்காரே சொல்லுது.”

மாதப்பன் கயிற்றை அவிழ்த்தார். மாடு எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. “லாடம் ஆச்சுங்க, மகாராஜா. தீனி போட்டுப் பூட்டச் சொல்லுங்க.”

மகாராஜா என்று அவர் யாரையும் சொல்லி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

அன்று சாயந்தரம் சவுரியப்பன் வாத்தியார் கோயில் வாசலுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், கண் கலங்கிப் போயிருந்தார். “ஒரு பேரு மாதப்பா. ஒரே ஒரு பேரு. என்னைக்கும் நமக்கு மைதானம் நிலைச்சுடும். பிள்ளைங்க எங்க போய் விளையாடும்? எனக்காகச் சொல்லேன்.”

“சார், நான் சொன்னா நீங்க விசிலைக் குடுத்துடுவீங்க. எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீங்க?”

“எங்கயாவது, தூரமா, ஏரியூர்ப் பக்கம்...”

“அங்க பசங்க சாப்பிட்டுட்டு வருதுங்களா?”

வாத்தியார் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“அங்கயும் ஒருத்தன் கொட்டாவி வுடுவான் சார். அவன் பல்லுக்கு நான் என்னங்க பதில் சொல்லட்டும்?” சொல்லிவிட்டு மாதப்பன் என் பக்கம் திரும்பினார். நான் ஏதாவது சமாதானம் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. எப்போதும் சமாதானம் சொல்கிறவன் நான். அன்று சொல்லவில்லை. “அந்தப் பேரைச் சொல்லாதே மாதப்பா” என்றேன்.

ஐந்து பேருடைய பேர்தான் எழுதப்பட்டது. கடைசி ஞாயிறு ஐந்து பேரும் விசில் வாங்கிக்கொண்டு போனார்கள். முனிராஜ் பஸ்ஸில் ஏறுகிற வரைக்கும் ஊதிக்கொண்டே போனான்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, நான் பூக்கூடையோடு வாசலுக்கு வந்தபோது மைதானத்தில் ஏர் இறங்கியிருந்தது. வரப்பில் தீர்த்தகிரி குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஏர் பிடித்திருந்தவன் பொன்னன். பண்ணையில் வேறு இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். இருந்தும் அவனைத்தான் அனுப்பியிருந்தார். முதல் சால் வேடியப்பன் போட்ட கல்லைத் தட்டிப் புரட்டிவிட்டு வந்துகொண்டிருந்தது. பெருமாள் சன்னிதியில் நின்று வாயால் சொல்லத் தகாத வார்த்தை ஒன்று எனக்கு வந்தது. சொல்லியும்விட்டேன். அவர் மன்னிக்கட்டும், மன்னிக்காமல் போகட்டும்.

சந்தைக்குப் போகிற வழியில் மாதப்பன் வந்தார். தோளில் கயிறு, ஒரு கையில் லாடப் பெட்டி, மற்றதில் மத்தியானத்துக்கான தூக்குப் போசி. மைதானத்தைப் பார்த்து நின்றார். பிறகு சாலுக்கு நேர் எதிரே நடந்து போனார். பொன்னன் மாட்டை நிறுத்திவிட்டான். மேழியைப் பிடித்தபடி, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

“நான் என்னங்க பண்ணுவேன்” என்றான். “ஏர் கட்டுடான்னாரு.”

மாதப்பன் மாட்டின் காலைப் பார்த்தார். அவன் காலைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார்.

“சாப்பிட்டியான்னு கேக்கல” என்றார். “ஊதுடா.”

பொன்னன் உதடு குவிய மாட்டேன் என்றது. பிறகு ஊதினான். மாதப்பன் கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை அவன் வாயருகிலேயே வைத்துக்கொண்டு, வெகுநேரம் நின்றார்.

“டேய் பொன்னா! ஏர் ஏண்டா நிக்குது?” என்றது வரப்பிலிருந்து குரல்.

மாதப்பன் திரும்பவில்லை. பொன்னனைத் தோளைப் பிடித்துக் கூட்டி வந்து, வேப்ப மரத்துக்கு எதிரே, இன்னும் சால் படாமல் கிடந்த தம்முடைய கல்லின்மேல் உட்காரவைத்தார். எதிரே மண்ணில் மண்டியிட்டார். வாயிலிருந்த ஆணிகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, போசியைத் திறந்து, களி உருண்டையைப் பிட்டு அவன் கையில் வைத்தார்.